கடலோரத்துல வீடு கட்ட லோன்: கடைக்கு வர்றவங்க கேக்குற கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளி பக்கம் ஜெராக்ஸ், பட்டா நகல், ஆன்லைன் அப்ளிகேஷன்னு ஒரு சின்னக் கடை வச்சிருக்கேன். மண்டபம், பெரியபட்டினம், தேவிபட்டினம்னு எங்கிருந்து வந்தாலும் வீட்டு லோன் பத்தி கேக்குறது சுத்தி சுத்தி ஒரே கேள்விகள்தான், அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

எங்க வீட்ல யாருக்கும் சம்பள சிலிப்பு கிடையாது, கடல் தொழில்தான். எங்களுக்கெல்லாம் ஹவுசிங் லோன் தருவாங்களா தம்பி?

தருவாங்க, ஆனா நீங்க சம்பாதிக்கிறது எங்கயாவது எழுத்துல தெரியணும். லாஞ்சுல பங்கு காசு கையில வாங்கி கையிலயே செலவாயிருச்சுன்னா பேங்கைப் பொறுத்தவரைக்கும் உங்களுக்கு வருமானமே இல்லை. வியாபாரிகிட்ட இருந்து வர்ற பணத்தை ஒரே அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்க, கையில குடுத்தாலும் அன்னைக்கே கொஞ்சம் கொண்டுபோய் கட்டுங்க. ஒரு வருஷம் இப்படி ஓடின பாஸ்புக், மீனவர் நலவாரிய அட்டை, சொந்த வள்ளம்னா அதோட பதிவுச் சான்று, இதெல்லாம் சேர்ந்தாத்தான் பேச்சே ஆரம்பிக்கும்.

வீட்டுக்காரம்மா பாசி எடுக்கப் போறாங்க, கருவாடு போடுறாங்கன்னா அந்த வருமானத்தையும் சேருங்க, அவங்க பேரையும் லோன்ல போடலாம். நிறைய பேரு அதை வருமானமாவே சொல்றதில்லை, கேட்டா "அது என்னண்ணே சில்லறைக் காசு"ங்குறாங்க. கடல் அமந்து கிடக்குற மாசத்துல வீட்டை ஓட்டுறது அந்தச் சில்லறைக் காசுதான்.

கவர்மெண்டே வீடு குடுக்குதே, அப்புறம் லோன் எதுக்கு?

குடுக்குறது வீடு இல்லை, வீடு கட்ட பணம். கிராமத்துக்கு பிரதமர் வீட்டுத் திட்டத்துல அடிப்படைத் தொகை 1.20 லட்சம், அதுக்கு மேல மாநில அரசு கான்கிரீட் கூரைக்குன்னு தனியா சேர்த்துக் குடுக்குது. 2024-ல ஆரம்பிச்ச கலைஞரின் கனவு இல்லம் திட்டத்துல ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம், 360 சதுர அடி, அதுல 300 சதுர அடிக்கு கான்கிரீட் கூரை வரணும். குடிசையில இருக்குறவங்களுக்குத்தான் அது, சொந்த இடமும் பட்டாவும் இருக்கணும். வேலை முடிய முடியத்தான் பணம் அக்கவுண்டுக்கு வரும், மொத்தமா வராது.

இந்தக் காசுல சின்ன வீடு எழும்பும். ஆனா நம்ம பக்கம் மணல், செங்கல், ஜல்லின்னு எல்லாமே வெளியில இருந்து லாரியில வரணும், பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள்ள போகணும்னா வாடகை இன்னும் ஏறும். அதனால எல்லாருக்குமே கொஞ்சம் துண்டு விழுது, அந்தத் துண்டுக்குத்தான் லோன். முதல்ல திட்டத்துல பேர் வருதான்னு ஊராட்சியிலயும் யூனியன் ஆபீஸ்லயும் பாத்துட்டு அப்புறம் லோனுக்குப் போங்க, லோன்ல மச்சு வீடு கட்டி முடிச்சிட்டு திட்டத்துக்குப் போனா தகுதியே போயிரும்.

நான் தேவிபட்டினம், என் தங்கச்சிய கீழக்கரையில கட்டிக் குடுத்திருக்கு. அவளுக்கு லோன்ல வட்டி மானியம் உண்டுண்டு சொல்றாங்க, எனக்கு இல்லைங்குறாங்க. என்னண்ணே இது ஓரவஞ்சனை?

அது பிரதமர் வீட்டுத் திட்டத்தோட நகர்ப்புறப் பிரிவு. கீழக்கரை நகராட்சி, தேவிபட்டினம் ஊராட்சி, அதான் வித்தியாசம். ராமநாதபுரம், ராமேஸ்வரம் நகராட்சி, மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சி இதெல்லாம் நகர்ப்புறக் கணக்குல வரும். பாம்பன், தங்கச்சிமடமெல்லாம் பாக்க டவுன் மாதிரி இருந்தாலும் ஊராட்சிதான். ஆனா நகரமைப்புக்குன்னு அறிவிச்ச பகுதிக்குள்ள உங்க ஊர் வந்துச்சுன்னா சேரவும் வாய்ப்பு இருக்கு, அதனால ஊராட்சிங்குற பேரை மட்டும் வச்சு கைவிட்டுறாதீங்க, கேட்டுப் பாருங்க.

மானியம் எவ்வளவுன்னா, 2024 செப்டம்பர் 1-ல இருந்து ஓடுற ரெண்டாவது கட்டத்துல, வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, லோன் 25 லட்சத்துக்குள்ள இருந்தா, முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், 12 வருஷக் கணக்கு வரைக்கும். அதிகபட்சம் 1.80 லட்சம், அதையும் அஞ்சு வருஷத் தவணையா பிரிச்சுத்தான் லோன் கணக்குல போடுவாங்க. குடும்ப வருமானம் 9 லட்சத்துக்குள்ள இருக்கணும், இந்தியாவுல எங்கயும் குடும்பத்துல யார் பேருலயும் பக்கா வீடு இருக்கக் கூடாது. பழைய திட்டத்துல 2.67 லட்சம் வரைக்கும் குடுத்தாங்க, ஏழைகளுக்கான அந்தப் பிரிவு 2022 மார்ச்சோட முடிஞ்சிருச்சு. இன்னும் அந்த 2.67-ஐ சொல்லி கமிஷன் கேக்குற ஆளுங்க சுத்துறாங்க, உஷாரு.

பட்டா இருந்தாப் போதும்ல?

போதாது. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு. பேங்க் வக்கீல் கேக்குறது உங்க பத்திரம், அதுக்கு முந்தின தாய்ப்பத்திரம், இடத்து மேல கடன் எதுவும் இருக்கான்னு காட்டுற வில்லங்கச் சான்று, பட்டா நாலையும். லோன் குடுக்குறதே பத்திரத்தை அடமானமா வாங்கிக்கிட்டுத்தான், அப்ப பத்திரம் உங்க பேருல இல்லைன்னா எதை வச்சுக் குடுப்பாங்க.

என் கடைக்கு வர்றதுல பெரும்பாலும் அடிபடுறது இங்கதான், வட்டியிலயோ திட்டத்துலயோ இல்லை. இடம் தாத்தா பேருல இருக்கும், தாத்தா செத்து இருபது வருஷம் ஆயிருக்கும், வாரிசு ஆறு பேரு, அதுல ஒருத்தர் சவூதியில, ஒருத்தர் பேச்சுவார்த்தையே இல்லாம திருப்பூர்ல. நீங்க குடியிருக்குறது உங்க பங்குதான்னு ஊருக்கே தெரியும், ஆனா காகிதத்துக்குத் தெரியாது. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பாகப்பிரிவினையோ, மத்தவங்க தங்க பங்கை விட்டுக்குடுக்குற விடுதலைப் பத்திரமோ பதிஞ்சு, பட்டாவை உங்க பேருக்கு மாத்தி எடுக்க மாசக்கணக்குல ஆகும். வீடு கட்டணும்னு நினைப்பு வந்த அன்னைக்கே இதை ஆரம்பிங்க, கொத்தனார்கிட்ட பேசுறதெல்லாம் அப்புறம். குடும்பத்துல ஒரு கல்யாணம் காதுகுத்துக்கு எல்லாரும் கூடுற நேரம் பாத்து கையெழுத்து வாங்கிக்கிறவன் புத்திசாலி.

மனை புதுசா வாங்குறீங்கன்னா அங்கீகாரம் உள்ள மனையான்னு பாருங்க. 2016 அக்டோபர் 20-க்கு முன்னாடி போட்ட அங்கீகாரமில்லாத மனைகளுக்கு வரன்முறை பண்ண வழி குடுத்தாங்க, அப்படிப் பண்ணாத மனைய பதியவும் சிக்கல், லோனுக்கும் சிக்கல். பெண்கள் பேருல 10 லட்சம் மதிப்புக்குள்ள பதிஞ்சா 2025 ஏப்ரல் 1-ல இருந்து பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறைவு.

மூணு தலைமுறையா கடற்கரை புறம்போக்குல இருக்கோம். கரண்டு இருக்கு, வீட்டு வரி கட்டுறோம், ரேஷன் கார்டு இருக்கு. இது போதாதா?

குடியிருக்கீங்கன்னு காட்ட அது போதும், இடம் உங்களுதுன்னு காட்ட அது போதாது. வி.ஏ.ஓ., தாசில்தார் மூலமா பட்டா கேட்டு மனு குடுங்க, வரி ரசீதும் கரண்டு பில்லும் அங்க உதவும், எத்தனை பழசோ அத்தனை நல்லது. கண்மாய், ஓடை மாதிரி நீர்நிலைப் புறம்போக்குன்னா பட்டா கிடைக்காது, அதுல யார் பணம் வாங்கிட்டு முடிச்சுத் தர்றேன்னாலும் நம்பாதீங்க. ஊர்ல குடியிருப்புக்குன்னு ஒதுக்கின நத்தம்னா நிலைமை பரவாயில்லை.

அரசு ஒப்படைப்பா குடுத்த பட்டான்னா பின்பக்கம் நிபந்தனைகளைப் படிங்க, விக்கக் கூடாது, இத்தனை நாளுக்குள்ள வீடு கட்டணும்னு இருக்கும். அந்தக் காகிதத்தோட பேங்குக்குப் போய் அடமானத்துக்கு ஒத்துக்குவாங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க.

கடல் பக்கத்துல கட்டக் கூடாதுங்குறாங்களே, எத்தனை மீட்டரு?

கிராமப்புறக் கடற்கரையில பெரிய ஓதம் ஏறுற கோட்டுல இருந்து 200 மீட்டர் வரைக்கும் புதுக் கட்டடம் கூடாதுங்குறது 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு. ஆனா அதுலயே மீனவர் மாதிரி பாரம்பரியமா கடலோரம் வாழுறவங்களுக்கு 100-க்கும் 200-க்கும் நடுவுல அனுமதி வாங்கி வீடு கட்ட வழி வச்சிருக்காங்க. 2019-ல வந்த அறிவிப்புல, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல நெருக்கமா இருக்குற இடத்துக்கு இது 50 மீட்டராக் குறையும், ஆனா அந்தப் பகுதிக்கு புது வரைபடம் ஒப்புதல் ஆன பிறகுதான் அது செல்லும். இருக்குற அனுமதி பெற்ற வீட்டை அதே அளவுக்குள்ள பழுது பாக்கவோ திரும்பக் கட்டவோ தடை இல்லை. மணல்மேடு மேல மட்டும் கையே வைக்காதீங்க.

இதுல வேடிக்கை என்னன்னா ரிசார்ட்டுக்காரனுக்கு வரைபடம் படிக்க ஆள் இருக்கு, நம்மாளுக்கு மேல்தளம் ஒட்டி முடிச்சப்புறம்தான் நோட்டீஸ் மூலமா விஷயம் தெரியுது. பேங்கும் கட்டட அனுமதி இல்லாம பணம் விடாது. 2,500 சதுர அடிக்குள்ள மனையில 3,500 சதுர அடிக்குள்ள வீடுன்னா 2024 ஜூலையில இருந்து சுயசான்று முறையில ஆன்லைன்லயே உடனே அனுமதி வருது, ஆனா கடலோர விதிக்கு அது பதில் இல்லை. அது தனி.

சரி, வட்டி எவ்வளவு? மாசம் எவ்வளவு கட்டணும்?

5 லட்சம் லோன்னு வைங்க. 9 சதவீதம், 20 வருஷம்னா மாசம் 4,500 ரூபா, மொத்தமா 10.8 லட்சம் கட்டுவீங்க. அதே 10 வருஷம்னா மாசம் 6,334, மொத்தம் 7.6 லட்சம். காகிதம் சரியில்லைன்னு பேங்க் கைவிரிச்சு, சின்ன ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனியில 14 சதவீதத்துக்கு 15 வருஷம் வாங்கினா மாசம் 6,659, மொத்தம் 12 லட்சம் பக்கம். பட்டா பத்திரத்தை சரி பண்ண அலையுற அலைச்சலுக்கு என்ன கூலின்னு இப்பப் புரியும்.

"12 சதவீதம்தாம்மா"ன்னு சொன்னா ஃபிளாட்டா (முதல்ல வாங்கின முழுத் தொகைக்கும் கடைசி வரைக்கும் வட்டி), குறையுற பாக்கிக்கு மட்டுமான்னு கேளுங்க. ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் ஃபிளாட், மூணு வருஷம்னா மாசம் 3,778 வரும், உண்மையான வட்டி சுமார் 21 சதவீதம். 2024 அக்டோபர் 1-ல இருந்து எல்லா சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவரத் தாள் ஒண்ணு குடுத்தே ஆகணும், கட்டணமெல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம்னு அதுல இருக்கும், உங்களுக்குப் புரியுற மொழியில கேட்டு வாங்கலாம். கூட ஒரு இன்சூரன்ஸ் பாலிசிய லோனோட சேர்த்து விடுவாங்க, அதுக்கும் வட்டி ஓடும். வேணுமா வேணாமான்னு நீங்க சொல்லணும், அவங்க இல்லை.

தடைக்காலத்துல எப்படிங்க கட்டுறது? ஏப்ரல் வந்தா கையில ஒத்த ரூபா இருக்காது.

ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நிவாரணம் 8,000 ரூபா. ஆனா தவணைக்கு தடைக்காலமெல்லாம் கிடையாது, மாசாமாசம் தேதியானா நிக்கும். அதனால நல்ல மாசத்து வருமானத்தை வச்சு லோன் கேக்காதீங்க. மே மாசத்துல பாசி, கருவாடு, கூலின்னு எல்லாம் சேர்த்து வீட்டுச் செலவு போக எவ்வளவு மிஞ்சுமோ, போன வருஷ மிச்சத்தையும் கூட்டி, அதுக்குள்ள அடங்குற தவணைதான் உங்க தவணை. மேனேஜர் 8 லட்சம் தர்றேன்னாலும் சரிதான்.

தவணைய சின்னதாக்க வருஷத்தைக் கூட்டினா மொத்த வட்டி ஏறுதேன்னு கேப்பீங்க, மேல பாத்த கணக்குதான். அதுக்கு ஒரு வழி இருக்கு. மாறும் வட்டி வீட்டு லோனை தனி ஆளு முன்கூட்டியே அடைச்சா அபராதம் போடக் கூடாது. அப்ப 20 வருஷத்துக்கு வாங்கி, தடை முடிஞ்சு முதல் மாசங்கள்ல இறால் நல்லா படும்போது அஞ்சு பத்தாயிரம்னு அசல்ல கட்டிக்கிட்டே வாங்க, லோன் சீக்கிரமே கரைஞ்சிரும். கட்டும்போது "தவணையக் குறைக்க வேணாம், காலத்தைக் குறைங்க"ன்னு எழுதிக் குடுங்க.

திட்டத்துல பேர் வந்துருச்சு, ஆனா பேஸ்மட்டம் போட்டாத்தான் முதல் பணம்ங்குறாங்க. அதுக்கு வட்டிக்கு வாங்கலாமா?

இங்கதான் நிறைய வீடு மூழ்குது. அரசுப் பணமும் சரி பேங்க் லோனும் சரி, வேலை நடந்த அளவுக்குத்தான் பணம் வரும். கையில ஒண்ணுமில்லாதவங்க அஸ்திவாரத்துக்கு அஞ்சு வட்டிக்கு 60,000 வாங்குவாங்க, அதாவது மாசம் 3,000 வட்டி மட்டும். போட்டோ எடுக்க ஆள் வர ரெண்டு மாசம், பில் பாஸாக ஒரு மாசம், வந்த பணத்துல வட்டிக்காரருக்குப் போனது போக மிச்சம்தான் செவருக்கு. அப்புறம் செவருக்கு ஒரு கடன். கடைசியில லிண்டல் மட்டத்துல கம்பி நீட்டிக்கிட்டு நிக்கிற வீடு நம்ம பக்கம் எத்தனைன்னு நீங்களே பாத்திருப்பீங்க.

மகளிர் குழு கடனோ நகைக் கடனோ பேங்குல வாங்கி அந்த முதல் படிக்கு வச்சுக்கங்க, அஞ்சு வட்டியோட பாத்தா அது ஒண்ணுமே இல்லை. மைக்ரோ பைனான்ஸ்னா கவனம், குடும்ப மாச வருமானத்துல பாதிக்கு மேல எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து போகக் கூடாதுங்குறது 2022-ல இருந்து ரிசர்வ் பேங்க் விதி. இதுவும் வழியில்லைன்னா ஒரு சீசன் தள்ளிப் போடுறது தப்பே இல்லை.

போர்த் தண்ணி உப்புக் கரிக்குது, அதுலயே காங்கிரீட் போட்டா என்ன?

பத்து வருஷத்துல கம்பி துருப்பிடிச்சு கூரை பொரிஞ்சு விழும், லோன் இன்னும் பாதி பாக்கி இருக்கும். காங்கிரீட்டுக்கு நல்ல தண்ணி லாரி சொல்லுங்க, கடற்கரை மணலைத் தொடாதீங்க, கம்பிக்கு மேல காங்கிரீட் மூடாக்கு நல்லா இருக்கணும்னு கொத்தனார்கிட்ட நின்னு பாருங்க.

வட்டி எங்களுக்கு ஆகாது. மகன் துபாய்ல இருக்கான், வட்டியில்லாம வீட்டுக் கடன் பேங்குல கிடைக்குமா?

இந்தியாவுல இஸ்லாமிய வங்கிக்கு அனுமதி இல்லை, 2017-ல ரிசர்வ் பேங்க் அந்த யோசனைய கைவிட்டுருச்சு. ஜமாஅத்தோட பொது நிதியான பைத்துல்மால் இருக்குற ஊர்ல வட்டியில்லாக் கடன் கிடைக்கும், ஆனா தொகை சின்னது. அதனால நம்ம பக்கம் நிறைய பேரு செய்றது, மகன் அனுப்புற பணத்துல முதல் வருஷம் அஸ்திவாரம், அடுத்து செவரு, அடுத்து கூரைன்னு படிப்படியா கட்டுறது. அப்படிக் கட்டுறீங்கன்னா பாதியில நிக்கிற வருஷத்துல நீட்டிக்கிட்டிருக்குற கம்பிய சிமெண்ட் பால் பூசி மூடி வைங்க, கடல் காத்து சும்மா விடாது.

ஒருதரம் கூட லோன் வாங்கினதில்லை, சிபில், அதான் கடன் வரலாற்று மதிப்பெண், இல்லைண்டு திருப்பி அனுப்பிட்டாங்க.

கடன் வரலாறே இல்லைங்குற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் சொல்லியிருக்கு. இருந்தாலும் நடைமுறையில ஒரு சின்ன நகைக் கடன் வாங்கி ஒழுங்கா அடைச்சா அடுத்த முறை பேச்சு மாறும். வருஷத்துக்கு ஒருதரம் உங்க ரிப்போர்ட்ட இலவசமா எடுத்துப் பாக்கலாம். மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவரு கட்டாம விட்டிருந்தா அது உங்க ரிப்போர்ட்லயும் நிக்கும், அதைப் பாத்துட்டுப் போங்க.

"உங்களை மாதிரி ஆளுங்களுக்கு குடுத்தா திரும்பாது"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொன்னாரு மேனேஜர். அது நெசமா?

நெசமில்லை. பங்களாதேஷ்ல கிராமீன் பேங்க் 1984-லயே விவசாய நிலமில்லாத ஏழைப் பெண்களுக்கு வீட்டுக் கடன் குடுக்க ஆரம்பிச்சது. நாலு காங்கிரீட் தூணு, தகரக் கூரை, ஒரு கழிப்பறை, வாராவாரம் சின்னத் தவணை. புயலும் வெள்ளமும் அடிக்கிற ஊரு அது, நம்மளை விட மோசம். வீட்டு மனை பொம்பளை பேருல இருந்தாத்தான் கடன்னு கண்டிஷன் போட்டாங்க, 1989-ல அந்த வீடுகளுக்கு ஆகா கான் கட்டடக்கலை விருதும் கிடைச்சது. தாய்லாந்துல 2003-ல ஆரம்பிச்ச பான் மன்கோங் திட்டத்துல புறம்போக்குவாசிங்க சேர்ந்து சங்கமா பதிஞ்சு, சங்கத்து பேருல கடன் வாங்கி இடத்தையே வாங்கினாங்க. மாசச் சம்பளக்காரனுக்குன்னு தைச்ச தவணைய கடல்காரனுக்கு மாட்டிவிட்டா பிதுங்கத்தான் செய்யும், அதுக்கு ஆளைக் குத்தம் சொல்லி என்ன பண்ண.

மேனேஜர்கிட்ட சண்டை போடாம, மறுக்குற காரணத்தை எழுத்துல கேளுங்க. எழுதுற நேரம் வந்தா பல பேரு காரணத்தை மாத்திருவாங்க.

வீட்டுக்காரரைப் படகோட இலங்கை நேவி பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. ரெண்டு தவணை விட்டுப்போச்சு, வீட்டை ஏலம் விட்டுருவாங்களா அண்ணே?

உடனே முடியாது தாயி. 90 நாளைக்கு மேல பாக்கி நின்னாத்தான் அது வாராக் கடன். அப்புறம் கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுக்க பேங்குக்கு அதிகாரம் குடுக்குற 2002 சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் குடுக்கணும், நீங்க ஆட்சேபம் எழுதினா 15 நாளுக்குள்ள பதில் சொல்லணும், சுவாதீனம் எடுத்த பிறகும் விக்க 30 நாள் நோட்டீஸ் வேணும். சுவாதீன நடவடிக்கை எடுத்த 45 நாளுக்குள்ள மதுரையில இருக்குற கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிக்கிற பாக்கி, அசலும் வட்டியும் சேர்ந்த மொத்தத் தொகையில 20 சதவீதத்துக்கும் குறைவுன்னா அந்தச் சட்டத்தையே பயன்படுத்த முடியாது. வசூல் ஆளுங்க காலையில 8 மணிக்கு முன்னாடியும் சாயங்காலம் 7 மணிக்கு மேலயும் கூப்பிடக் கூடாது.

ஆனா இப்ப நீங்க செய்ய வேண்டியது சட்டம் பேசுறது இல்லை. 90 நாள் ஆகுறதுக்குள்ள பேங்குக்குப் போங்க, கைதான விவரத்துக்கு மீன்வளத்துறையில ஒரு கடிதம் வாங்கி, தவணைய மாத்தி அமைச்சுக் குடுங்கன்னு எழுத்துல மனு குடுத்து, நகல்ல சீல் வாங்குங்க. ஒளிஞ்சா நிலைமை கெட்டுப் போகும். அவரு திரும்பி வந்தாலும் படகு திரும்பி வரும்னு சொல்ல முடியாது, அதையும் மனசுல வச்சு தவணையக் கேளுங்க.

லோனை முழுசா அடைச்சாச்சு. பத்திரம் "ஹெட் ஆபீஸ்ல இருக்கு"ன்னே நாலு மாசமா சொல்றாங்க.

2023 டிசம்பர் 1-ல இருந்து, முழுசா அடைச்ச 30 நாளுக்குள்ள பத்திரத்தைத் திருப்பிக் குடுக்கணும், அவங்க தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபா உங்களுக்குத் தரணும். கணக்கு முடிச்ச கடிதத்தோட எழுத்துல கேளுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னா, பேங்கா இருந்தா ரிசர்வ் பேங்க் ஓம்புட்ஸ்மேன்கிட்ட (குறைதீர்ப்பாளர்) புகார் போடலாம், 14448-க்குக் கூப்பிட்டா வழி சொல்வாங்க. ஹவுசிங் பைனான்ஸ் கம்பெனியா இருந்தா தேசிய வீட்டுவசதி வங்கியிடம் புகார் போடணும், ரெண்டையும் மாத்திப் போட்டா அலைச்சல்தான்.

பத்திரம் கைக்கு வந்ததோட விட்டுறாதீங்க. அடமானத்தை பதிஞ்சிருந்தாங்கன்னா அதை ரத்து பண்ணுற ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும். பதிஞ்சு கொஞ்ச நாள் கழிச்சு வில்லங்கம் போட்டுப் பாருங்க, அதுல ரத்து ஏறியிருக்கணும். ஏறலைன்னா நாளைக்கு உங்க பிள்ளை அதே வீட்டை வச்சு மாடி கட்ட லோன் கேக்கும்போது, அடைச்ச கடன் அடைக்காத கடனாத்தான் தெரியும்.